நீக்கிய பிறகும் போகாத மென்பொருள்

சனி மாலை

சோதனைக் காலம் முடிந்த ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருளை விண்டோஸ் 10 செட்டிங்ஸ் வழியாக முறைப்படி நீக்கினேன். நீக்கியாயிற்று என்று செய்தியும் வந்தது. ஆனால் எந்த வீடியோவின் மேல் வலது கிளிக் செய்தாலும் மெனுவில் அதன் பெயர் நிற்கிறது. கணினியைத் திறந்தால் புதிய பதிப்பு வந்திருப்பதாக அறிவிப்பு வேறு. இல்லாத மென்பொருளுக்கு எதற்கு அப்டேட்?

முதலில், ஏதாவது கெட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்கிக்கொண்டேன். பிறகு விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வந்த பெட்டியில் ஆப்டேட்டா என்பதை இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே (ஆங்கிலத்தில்தான்) தட்டினேன். மென்பொருள்கள் தங்கள் தரவை வைக்கும் ரோமிங் ஃபோல்டர் திறந்தது. அதில் அந்த மென்பொருளின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) சேமித்த கோப்புகள் மட்டுமே. மறுபடி நிறுவினால் பழைய அமைப்பு கிடைக்கட்டும் என்று இவற்றை வேண்டுமென்றே விட்டுவைப்பது வழக்கம். குறை சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கும் லோக்கல் ஃபோல்டரில்தான் பெரும் சுமை: நான் எடிட் செய்த ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு முன்னோட்டக் கோப்பு, ஓர் ஒலி அலைக் கோப்பு. அன்இன்ஸ்டாலர் பெரும்பாலும் இன்ஸ்டாலர் வைத்ததை மட்டுமே எடுக்கும். மென்பொருள் ஓடும்போது பிறந்தவை அதன் கணக்கில் வருவதில்லை. ஃபோல்டர் மென்பொருளின் பெயரில் இல்லை, நிறுவனத்தின் பெயரில் இருந்தது. தேடுபவர்கள் இதைக் கவனிக்கவும். மறைந்திருக்கும் புரோகிராம்டேட்டா ஃபோல்டரிலும் கொஞ்சம் இருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன்.

ஞாயிறு

அப்டேட் அறிவிப்புக்குக் காரணம் ஒரு சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் நிரல். சர்வீசஸ் சாளரத்தில் அதன் மேல் இரட்டைக் கிளிக் செய்தால் உண்மையான சர்வீஸ் பெயர் தெரியும். பட்டியலில் தெரிவது காட்சிப் பெயர்தான். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, எஸ்சி ஸ்டாப், எஸ்சி டெலீட் என்று அந்தப் பெயரோடு கொடுத்ததும் ஒழிந்தது. விண்டோஸ் பவர்ஷெல்லில் வெறும் எஸ்சி என்றால் வேறு கட்டளை. அங்கே எஸ்சி புள்ளி இஎக்ஸ்இ என்று முழுதாகத் தட்ட வேண்டும். குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரிலும் அதே நிறுவனத்தின் பெயரில் ஒரு பணி இருந்தது. அதையும் நீக்கினேன்.

வலது கிளிக் மெனுதான் பிடிவாதம் பிடித்தது. புரோகிராம் ஃபைல்ஸில் ஒரே ஒரு டிஎல்எல் கோப்பு (மற்ற நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் நிரல் துண்டு) மிச்சம். அழிக்கப் போனால், வேறொரு நிரலில் திறந்திருக்கிறது என்கிறது விண்டோஸ். திறந்து வைத்திருப்பது ஃபைல் எக்ஸ்ப்ளோரரேதான்! விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில், கிளாசஸ் ரூட் பகுதிக்குள் கான்டெக்ஸ்ட் மெனு ஹேண்ட்லர்ஸ் என்ற இடத்தில் அதன் சாவி (பதிவு) இருந்தது. எக்ஸ்போர்ட் செய்து நகல் எடுத்துக்கொண்டு அந்தச் சாவியை நீக்கினேன். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்ததும் டிஎல்எல் மறுபேச்சில்லாமல் அழிந்தது.

ரெஜிஸ்ட்ரியில் அந்த நிறுவனத்தின் பெயர் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. யாரும் படிக்காத வரிகள். வட்டில் பிடிக்கும் இடமும் அற்பம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை. விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்புகளையும் தொடவில்லை, மற்ற மென்பொருள்களுக்கும் அவை வேண்டும். அடுத்தது, விற்றுவிட்ட பிரிண்டரின் டிரைவர்.