பிசினஸ் ரேட்ஸ்: பில்லுக்கு முன்னால் அளவுத்தாளைப் பாருங்கள்

இங்கிலாந்தில் கடை நடத்தும் நம்மவர்கள் பலருக்கு மார்ச் மாதம் வரும் பிசினஸ் ரேட்ஸ் பில், அதாவது வணிக இடங்களுக்கான வரி பில், ஒரு பெரிய தலைவலி. தொகையைப் பார்த்ததும் கவுன்சிலுக்கு போன் போடுகிறார்கள். கவுன்சில் பணத்தை வசூலிக்கும், சலுகைகளைக் கணக்கில் சேர்க்கும், அவ்வளவுதான். கடைக்கு மதிப்புப் போடுவது அரசின் வேல்யூவேஷன் ஆபீஸ். தொகை தவறு என்று தோன்றினால், எந்த எண் தவறு என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பில்லில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று ரேட்டபிள் வேல்யூ. உங்கள் கடையை ஒரு குறிப்பிட்ட தேதியில் வாடகைக்கு விட்டிருந்தால் ஓராண்டுக்கு என்ன கிடைத்திருக்கும் என்ற மதிப்பீடு அது. 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மதிப்புப் பட்டியலுக்கு அந்தத் தேதி 2024 ஏப்ரல் 1. நீங்கள் இன்று கட்டும் வாடகையை வைத்து வாதாடிப் பயனில்லை என்பதற்கு இதுதான் காரணம். மற்றொன்று மல்டிப்ளையர், அதாவது அந்த மதிப்பில் ஒரு பவுண்டுக்கு வரி எத்தனை பென்ஸ். மதிப்பு 51,000 பவுண்டுக்குக் கீழ் உள்ள சில்லறைக் கடை, உணவகம், விடுதி போன்றவற்றுக்கு 2026-27இல் 38.2 பென்ஸ்; அதே அளவுள்ள மற்ற இடங்களுக்கு 43.2 பென்ஸ். 18,000 பவுண்ட் மதிப்புள்ள மளிகைக் கடைக்கு முதல் கணக்கில் 6,876 பவுண்ட், இரண்டாவதில் 7,776. பில்லில் எந்த பென்ஸ் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். முன்பு அலுவலகமாக இருந்த இடத்தில் கடை வைத்தவர்களுக்குப் பழைய வகையிலேயே பில் வர வாய்ப்பு உண்டு. அதைத் திருத்துவது கவுன்சிலின் வேலை. வாசலையும் அடுக்குகளையும் காட்டும் இரண்டு மூன்று படங்களோடு எழுதிக் கேளுங்கள்.

இனி ரேட்டபிள் வேல்யூ. அரசாங்க இணையதளத்தில் போஸ்ட்கோடு போட்டுத் தேடினால் உங்கள் கடையின் அளவுத்தாள், அதாவது எந்தப் பரப்புக்கு என்ன விலை போட்டார்கள் என்ற விவரம், இலவசமாகத் திறக்கும். சாதாரணக் கடைகளை முன் கண்ணாடியிலிருந்து பின்னோக்கி 6.1 மீட்டருக்கு ஒரு ஸோனாக (பகுதியாக) வெட்டுவார்கள். முதல் ஸோன் ஏ, முழு விலை. அடுத்த 6.1 மீட்டர் பாதி விலை. அதற்கடுத்தது கால் விலை. பின்னறை ஸ்டோராக இருந்தால் பல இடங்களில் பத்தில் ஒரு பங்குதான் போடுகிறார்கள்.

5 மீட்டர் அகலமும் 18 மீட்டர் ஆழமும் உள்ள கடையை எடுத்துக்கொள்வோம். ஸோன் ஏ 30.5 சதுர மீட்டர். இரண்டாவதும் அதே பரப்புதான், பாதியாகக் கணக்கிட்டால் 15.25. மிச்சம் 29 சதுர மீட்டர், காலாகக் கணக்கிட்டால் 7.25. மொத்தம் 53. ஏ விலை சதுர மீட்டருக்கு 250 பவுண்ட் என்றால் மதிப்பு 13,250. இப்போது அந்தக் கடைசி 29 சதுர மீட்டர் உண்மையில் சுவர் வைத்து அடைத்த ஸ்டோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்காகப் போட்டால் மதிப்பு சுமார் 12,160.

ஆயிரம் பவுண்ட் வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு இடம் வைத்திருக்கும் சிறு வணிகருக்கு மதிப்பு 12,000 பவுண்ட் வரை முழுச் சலுகை; அங்கிருந்து 15,000க்குள் அது படிப்படியாகக் கரைந்துவிடும். 13,250 மதிப்புக்கு ஆண்டுக்குக் கட்ட வேண்டியது சுமார் 2,100 பவுண்ட். 12,160 என்றால் 250க்கும் குறைவு. ஒரு சுவர் தாளில் விடுபட்டதால் வரும் செலவு இது. இந்தச் சலுகை தானாக வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம், கவுன்சிலிடம் விண்ணப்பம் கொடுங்கள்.

அளவு தவறு என்றால் முதல் படி ‘செக்’, அதாவது தாளில் உள்ள விவரங்களைச் சரிபார்த்துத் திருத்தக் கேட்பது. இணையத்தில் கணக்குத் தொடங்கி, லீஸ் அல்லது ரேட்ஸ் பில்லைக் காட்டி, இடம் உங்களுடையது என்று இணைத்துக்கொள்ள வேண்டும். அளவுநாடாவோடு உள் அளவுகளை மீட்டரில் எடுத்து, கையால் வரைந்த படம் என்றாலும் தெளிவாகக் கொடுங்கள். செக்கை முடிக்க வேல்யூவேஷன் ஆபீஸ் 12 மாதம் வரை எடுக்கலாம். அளவு சரி, விலைதான் அதிகம் என்றால் அடுத்தது ‘சேலஞ்ச்’. செக் முடிந்து 4 மாதத்துக்குள் போட வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். “என் கடைக்கு இது அதிகம்” என்று எழுதினால் போதாது. அதே தெருவில் 2024 ஏப்ரலை ஒட்டி விடப்பட்ட கடைகளின் வாடகையும், அதை ஸோன் ஏ விலையாக மாற்றிய கணக்கும் வேண்டும். சான்றுகளை முதலிலேயே மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். பின்னால் சேர்க்க வழி மிகக் குறைவு. அதற்கும் மேல் தீர்ப்பாயம் இருக்கிறது. சிறு வணிகருக்குக் கட்டணம் 150 பவுண்ட், வென்றால் திரும்ப வரும்.

தொடங்குமுன் ஒன்றை யோசியுங்கள்: வேல்யூவேஷன் ஆபீஸிலிருந்து பார்க்க வருபவர்கள் மதிப்பைக் கூட்டவும் செய்யலாம். தாளில் இல்லாத பின்பக்கக் கொட்டகையோ, சரக்கு வைத்திருக்கும் மேல்மாடி அறையோ இருந்தால் அதையும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். “கட்டாயம் குறைத்துத் தருகிறோம்” என்று கடைக்கே வந்து கையெழுத்துக் கேட்பவர்களிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். செக்கை நீங்களே செய்யலாம், அதற்குக் கட்டணமே கிடையாது.

வழக்கு நடக்கும்போதும் தவணையை நிறுத்தக் கூடாது. வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை 10 தவணை; எழுதிக் கேட்டால் 12ஆகப் பிரித்துத் தருவார்கள். சனி ஞாயிறு வியாபாரத்தை நம்பி ஓடும் கடைக்கு அந்த இரண்டு மாதம் பெரிய மூச்சு.

கடையை ஒப்படைத்தால் சாவி கொடுத்த தேதியை அன்றே கவுன்சிலுக்கு எழுதுங்கள், ஓனர் கையெழுத்திட்ட நகலோடு. கடை காலியாக இருந்தாலும் லீஸ் உங்கள் பெயரில் இருக்கும் வரை, முதல் 3 மாத விலக்கு முடிந்ததும் முழு பில்லும் உங்களுக்கே வரும்.