மகளுக்கான ஜீவனாம்சத்தைக் குறைக்க மனு போட்ட அனுபவம்

நாங்கள் பிரிந்தபோது மகளுக்கு மாதம் 18,000 ரூபாய் தர வேண்டும் என்று குடும்ப நல நீதிமன்றத்தில் உத்தரவானது. அன்றைய என் சம்பளத்துக்கு அது நியாயமான தொகைதான். பிறகு கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தது. அலைந்து பிடித்த அடுத்த வேலையில் கிட்டத்தட்ட பாதிச் சம்பளம்.

சம்பளம் குறைந்தால் தொகையும் தானாகக் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. குறையாது. உத்தரவு மாறும் வரை பழைய தொகைதான் மாதாமாதம் ஏறும். கட்டாமல் விட்டால் எதிர்த்தரப்பு வசூல் மனு போடும், வாரண்ட் வரும், ஜெயில் வரை போகும். உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி அப்படியேதான் நிற்கும். அதனால் வக்கீல் முதலில் சொன்னது: "முடிஞ்சதை நிறுத்தாம கட்டுங்க சார், பேங்க் வழியாவே கட்டுங்க."

உத்தரவு போட்ட அதே கோர்ட்டில்தான் மனு. சூழ்நிலை மாறிவிட்டது என்பதுதான் காரணம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 127-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 146. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் உத்தரவு வாங்கியவர்களுக்குப் பிரிவு வேறு, வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான வேலை பிரமாணப் பத்திரத்தில்தான். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் இரு தரப்பும் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, வாடகை என்று போய்க்கொண்டே இருக்கும். கார் லோன் தவணையை நான் பெரிதாகக் காட்டப் பார்த்தபோது வக்கீல் சிரித்துவிட்டார். வரி, பி.எப். மாதிரியான கட்டாயப் பிடித்தங்களைக் கழித்துப் பார்ப்பார்கள். நாமாக வாங்கிய கடன் பிள்ளையின் செலவுக்கு முன்னால் நிற்காதாம். அப்பாவின் மருத்துவச் செலவுக்கு பில் வைத்திருந்தேன், அது எடுபட்டது.

கோர்ட் வராந்தாவில் இலவச ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. "வேலையையே விட்டுடுங்க, ஒண்ணும் குடுக்க வேண்டாம்" என்றார் ஒருவர். இதைவிட மோசமான யோசனை கிடையாது. உடம்பில் தெம்பு உள்ளவன் உழைத்தாவது கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. படிப்பையும் பழைய வேலையையும் பார்த்து, உன்னால் இவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று கோர்ட்டே ஒரு கணக்குப் போட்டுவிடும்.

குறுக்கு விசாரணையும் அதே இடத்தில்தான் வந்து குத்தியது. ஏன் குறைந்த சம்பள வேலைக்குப் போனீர்கள்? ஆட்குறைப்பில் வந்த செட்டில்மென்ட் பணம் எங்கே? விண்ணப்பித்த கம்பெனிகளின் மெயில்களை அச்செடுத்து வைத்திருந்தேன். பணம் வாடகைக்கும் மகளுக்கும் போனது ஸ்டேட்மென்டிலேயே தெரிந்தது. அதோடு அந்தக் கேள்விகள் நின்றன.

மகளின் அம்மாவுக்கும் சம்பளம் உண்டு. அம்மாவும் போதுமான அளவு சம்பாதித்தால் படிப்புச் செலவை இருவரும் வருமான விகிதத்தில் பகிரலாம் என்று அதே 2020 தீர்ப்பில் இருக்கிறது. அதை எங்கள் தரப்பில் எடுத்து வைத்தோம். ஆனால் அவர் கொடுத்த கணக்கில் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் ஏறியிருந்ததைப் பார்த்தபோது, நான் கேட்ட 9,000 அநியாயம் என்று எனக்கே தோன்றியது.

கடைசியில் சமரச மையத்தில் பேசி முடித்தோம். மாதம் 12,000, ஸ்கூல் ஃபீஸில் பாதியை நான் நேரடியாகக் கட்டுவது, மனு போட்ட தேதியிலிருந்து புதிய தொகை. அதற்கு முந்தைய பாக்கியில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, தவணைதான் கிடைத்தது. வருடா வருடம் ஏப்ரலில் என் சம்பளச் சீட்டை அனுப்ப வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். சம்பளம் ஏறினால் கூட்டிக் கேட்க அவருக்கும் அதே 146 இருக்கிறதே.