கோச்செல்லாவில் நம்ம குரல்

கலிபோர்னியா வந்து வகுப்பு, வாடகை, வங்கிக் கணக்கு என்று ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், கூடப் படிப்பவர்கள் கோச்செல்லா இசை விழாவுக்குக் கூப்பிட்டார்கள். டிக்கெட்டுக்குப் பெரிய தொகைதான். ஆனால் 2024 பட்டியலில் சித் ஸ்ரீராம் பெயரைப் பார்த்ததும் சரி என்றுவிட்டேன்.

லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இண்டியோ என்ற ஊர். சுற்றிலும் பாலைவனம், பேரீச்சந்தோப்புகள். விழா நடப்பதோ பச்சைப் புல் விரித்த போலோ மைதானத்தில். 1993-இல் பேர்ல் ஜாம் இசைக்குழு, டிக்கெட் விற்கும் நிறுவனத்தோடு மோதி, வழக்கமான அரங்குகளை விட்டு இங்கே வந்து பாடியது. இந்த இடத்தில் பெரிய கூட்டம் கூட்டலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. 1999 அக்டோபரில் முதல் கோச்செல்லா. 2001 முதல் அதை ஏப்ரலுக்கு மாற்றினார்கள். ஏப்ரலிலும் பகல் கொளுத்துகிறது. இருட்டினால் குளிர், காற்றடித்தால் புழுதி. போகிறவர்கள் ஸ்வெட்டரும் முகத்தில் கட்டத் துணியும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சித் ஸ்ரீராம் சென்னையில் பிறந்து, இதே கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் வளர்ந்தவர். அம்மாவிடம் கர்நாடக இசை கற்றவர். அந்தக் குரல் மேடையிலிருந்து வந்ததும், ஊரை விட்டு வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மெக்சிகோ தோழி ஒன்றும் கேட்காமல் தோளில் கை போட்டாள். அப்புறம் அவளும் கண்ணை மூடிக் கேட்க ஆரம்பித்தாள்.

யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த பாடகி எம்.ஐ.ஏ. 2005-லேயே இதே விழாவில் பாடியிருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமை. அடுத்து நம்மவர் யார் மேடையேறினாலும் சொல்லுங்கள், இந்தப் பக்கம் இருப்பவர்கள் சேர்ந்தே போகலாம்.