கைக்கு வராத 33,000 டாலருக்கு வரி கட்டினேன்

டெக்சஸில் நானும் நண்பரும் பாதிக்குப் பாதி போட்டு மளிகைக் கடை நடத்துகிறோம். எஸ் கார்ப் என்ற வரி வகையில் பதிவு. அதற்கான 2553 படிவம் ஒரு தடவை திரும்பி வந்தது. பங்குதாரர் போட்டால் போதாது, இந்த மாநிலத்தில் மனைவியின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். கவனியுங்கள். மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது.

அடி விழுந்தது மார்ச்சில், ஒவ்வொரு பங்குதாரரின் பங்கையும் காட்டும் கே-1 படிவம் கைக்கு வந்தபோது. அதன் முதல் கட்டத்தில் என் பங்கு லாபம் 42,000. பதினாறாம் கட்டத்தில், டி என்ற எழுத்துக்கு எதிரே, நான் எடுத்த பணம் 9,000. மீதி எங்கே? பின்னறையில் கூரை முட்ட நிற்கும் சோனா மசூரி மூட்டைகளில். விற்கிற வரை சரக்கு செலவில் ஏறாது. கொஞ்சம் வங்கிக் கடனுக்குப் போயிருந்தது. அதில் வட்டியைத்தான் கழிக்கலாம், அசலை முடியாது.

"எடுக்காத காசுக்கு எப்படிங்க வரி?" என்று என் கணக்காளரான சி.பி.ஏ.வுக்குப் போன் போட்டேன்.

"கம்பெனி கட்டலையே சார். உங்க பங்குக்கு நீங்கதான் கட்டணும், எடுத்தாலும் எடுக்காட்டியும்."

இதை அவர் போன வருஷமே சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

தொழில் வருமானத்துக்கான 20 சதவீதக் கழிவு போக, 22 சதவீத வரி அடுக்கில் 7,400 டாலர் பக்கம் வந்தது. கடைக் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்றால் அங்கேயும் முட்டுக்கட்டை: எனக்கு எடுத்தால் நண்பருக்கும் அதே அளவு கொடுத்தாக வேண்டும், பங்கு விகிதம் மாறக் கூடாது. 14,800 கடையில் இல்லை. வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் 180 நாள் அவகாசம் கேட்டேன். பத்தே நிமிஷத்தில் கிடைத்தது, விண்ணப்பக் கட்டணம் இல்லை. வட்டியும் தாமத அபராதமும் மட்டும் ஓடின.

ஒரு ஆறுதல்: அந்த 33,000 என் முதலீட்டு அடிப்படையில், அதாவது வரிக் கணக்கில் கடையில் நான் போட்டதாகக் கொள்ளும் தொகையில், சேர்ந்துவிடும். நஷ்டம் வந்து கரைக்காத வரை, பின்னால் எடுக்கும்போது மறுபடி வரி கிடையாது. ஆனால் வருஷா வருஷம் கணக்கு எழுதி வையுங்கள்.

வரியை முன்கூட்டிக் கட்டும் காலாண்டுத் தவணையைத் தவற விட்டவர்கள் டிசம்பர் சம்பளத்தில் வரிப் பிடித்தத்தைக் கூட்டிவிடுங்கள். பிடித்த வரியை ஆண்டு முழுக்கச் சீராகக் கட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம்: ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் இருவருக்கும் வரிப் பணம் பிரித்த பிறகுதான் அரிசிக்கு ஆர்டர். ஜூன் 15 தவணையை இரண்டு நாள் முன்னதாகவே கட்டிவிட்டேன்.