எனக்கே சீட்டுப் பார்த்தேன்: ஒன்பது சீட்டு விரிப்பில் நான் எந்தச் சீட்டு?

சாதாரண 52 சீட்டுக் கட்டை வைத்துப் பலன் பார்க்கப் பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிவிட்டது. முதல் மாதம் முழுக்க மனப்பாடம்தான். ஹார்ட்டின் என்றால் மனசு, வீடு, உறவு. டைமண்ட் பணமும் தகவலும். கிளாவர் வேலை, முயற்சி. ஸ்பேடு சிக்கலும் இழப்பும். அடுத்த மாதம் மூன்று சீட்டு மட்டும் போட்டுப் பழகினேன். இந்த மாதம் முதல் முறையாக ஒன்பது சீட்டு, மூன்று வரிசை. அதையும் சும்மா பயிற்சிக்காகப் போடாமல், உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்த ஒரு விஷயத்துக்காகப் போட்டேன்.

நெருங்கிய தோழி ஒருத்தியோடு எட்டு மாதமாகப் பேச்சில்லை. "எங்கள் நட்பு என்ன ஆகும்" என்று கேட்டால் எந்தச் சீட்டு வந்தாலும் ஏதாவது ஒரு பதில் சொல்லிக்கொள்ளலாம். அதனால் கேள்வியைச் சுருக்கினேன்: நானே முதலில் பேசினால் என்ன நடக்கும்? கேள்வியையும் தேதியையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் கட்டைக் கையில் எடுத்தேன். ஏழு முறை கலைத்தேன். கட்டை இரண்டாகப் பிரித்து, விரலால் மடக்கிச் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விடும் கலைப்பில் ஏழு முறையாவது கலைத்தால்தான் 52 சீட்டும் நன்றாகக் கலையும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் 1992இல் காட்டியிருக்கிறார்கள். பலனுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, போன ஆட்டத்தின் வரிசை அப்படியே என் விரிப்பில் வந்து உட்காருவதில் எனக்கு விருப்பமில்லை.

வந்தவை இவை. மேல் வரிசையில் ஹார்ட்டின் 6, ஸ்பேடு 8, டைமண்ட் ஜாக். நடுவில் கிளாவர் 4, ஸ்பேடு ராணி, ஹார்ட்டின் 2. கீழே ஸ்பேடு 9, கிளாவர் 10, ஹார்ட்டின் 3.

ஸ்பேடு 9ஐப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பலரும் கட்டிலேயே மோசமான சீட்டு என்று சொல்வது அதைத்தான். கலைத்துவிட்டு மறுபடி போடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது, ஆனால் பிடிக்காத சீட்டு வரும்போதெல்லாம் மறுபடி போட்டால் கடைசியில் என் ஆசையைத்தான் படித்துக்கொண்டிருப்பேன் என்பதால் விட்டுவிட்டேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 52இல் 9 சீட்டு எடுக்கும்போது குறிப்பிட்ட ஒரு சீட்டு வர 17 சதவீத வாய்ப்பு இருக்கிறது, ஏறக்குறைய ஆறில் ஒன்று. அடிக்கடி பார்க்கப்போகிற முகம்தான், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் படிக்கும் முறையில் நடுச்சீட்டுதான் விஷயத்தின் மையம். பிறகு அதன் மேல், கீழ், இடம், வலம். கடைசியில் நான்கு மூலைகள். இடப்பக்கத்து மூன்றும் கடந்துபோனது, வலப்பக்கத்து மூன்றும் வரப்போவது. தலைகீழ்ச் சீட்டுக்குத் தனிப் பலன் பார்ப்பதில்லை. ராஜா, ராணி, ஜாக்குக்கு இரண்டு பக்கமும் தலை, டைமண்டில் 7ஐத் தவிர எதைத் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

முதல் நாள் இரவு ஸ்பேடு ராணியைத் தோழி என்றே எடுத்துக்கொண்டேன். கறாரான, உள்ளதைச் சொல்லிவிடும் பெண் என்பது அந்தச் சீட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் பலன், அவளும் அப்படித்தான். அவள் தலைக்கு மேலே ஸ்பேடு 8, அதாவது தடை. சரி, அவள் மனம் இறங்கவில்லை, பேசிப் பயனில்லை என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

காலையில் நோட்டைத் திரும்பப் படித்தபோதுதான் தப்பு தெரிந்தது. கேட்டவள் நான், கேள்வியும் நான் என்ன செய்வது என்பதைப் பற்றி, அப்புறம் நடுவில் அவள் எப்படி வருவாள்? ராணி நான்தான் என்று வைத்துப் பார்த்தவுடன் எல்லாச் சீட்டும் இடம் மாறாமலே வேறு கதை சொன்னது. தடை என் தலைமேல் இருக்கிறது. காலடியில் கிளாவர் 10, சுமை. ஸ்பேடு 9 இருப்பது இடப்பக்கத்தில், பழைய பயமாக. அதற்கு மேலே கிளாவர் 4, ஹார்ட்டின் 6: நிலையாக இருந்த ஒன்று, பழைய பாசம். (கிளாவர் 4க்குத் துரோகம் என்று பலன் சொல்பவர்களும் உண்டு. நான் எண்ணை வைத்துப் படிப்பதால் நாலு என்றால் உறுதி. இரண்டு முறையையும் கலந்தால் வேண்டிய பலனை வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம், அந்தப் பழக்கம் வேண்டாம்.) வலப்பக்கத்தில் தகவல் கொண்டுவரும் ஜாக், இரண்டு பேரைக் காட்டும் ஹார்ட்டின் 2, பிறகு வார்த்தையில் கவனம் என்று சொல்லும் ஹார்ட்டின் 3.

அன்று மாலையே கடிதம் எழுதினேன். யார் மேல் தப்பு என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன், ஹார்ட்டின் 3ஐ நினைத்து அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

பதினோரு நாளில் பதில் வந்தது. நீளமான பதில். நடுவில் ஒரு மாதம் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தாளாம், எனக்குத் தெரியவே தெரியாது. படித்ததும் முதலில் ஓடியது ஸ்பேடு 8தான், ஏனென்றால் அதற்கு நோய் என்றும் ஒரு பலன் உண்டு. ஆனால் என் நோட்டில் இருப்பது "தடை". அதனால் அதற்கு மார்க் போடவில்லை. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணவிவரத்தைக் கொடுத்து, இது உனக்கென்றே எழுதியது என்று சொல்ல, அவர்கள் சராசரியாக 5க்கு 4க்கு மேல் மதிப்பெண் போட்டார்கள். நடந்தபிறகு பலனைப் பொருத்திக்கொள்வது அவ்வளவு சுலபம். முன்பே எழுதிவைத்த வரி மட்டும்தான் கணக்கு என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். அப்படிப் பார்த்தால் ஒன்பதில் நான்கு சரி, இரண்டு தப்பு, மூன்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கடிதம் போட்டால் பதில் வருவது இயல்பு என்பதால், சரி என்ற நான்கில் ஜாக்குக்கு அரை மார்க்தான்.

நான் எந்தச் சீட்டு என்ற குழப்பம் புதிதல்ல. பிரான்ஸில் 1770இல் சீட்டுப் பலன் பற்றிப் புத்தகம் போட்ட எட்டெய்லா, 32 சீட்டுக் கட்டோடு கேட்பவருக்கென்று கூடுதலாக ஒரு சீட்டையே சேர்த்திருந்தார். எனக்கு முதல் நாள் இரவு தேவைப்பட்டது அந்த ஒரு சீட்டுதான். என் கட்டிலிருந்து ஜோக்கர் ஒன்றை எடுத்து, அதன் மேல் பென்சிலால் "நான்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த விரிப்பில் அதையும் சேர்த்துக் கலைக்கப் போகிறேன், அது ஒன்பதுக்குள் வராத நாளில் எப்படிப் படிப்பது என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.