நகம் வெட்டப் பயப்படும் நாய்க்குட்டி

நகவெட்டியைக் கண்டதும் குட்டி கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்குகிறதா? கால்விரலை ஒருவர் பிடித்து அழுத்துவதே அதற்குப் புது அனுபவம். ஆகவே முதல் வாரம் நகவெட்டியை வெளியில் எடுக்கவே வேண்டாம்.

உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். குட்டியைக் கோணிச்சாக்கின் மேல் நிறுத்துங்கள். டைல்ஸ் தரையில் கால் வழுக்கினாலே பாதி தைரியம் போய்விடும். தோளைத் தொட்டு ஒரு துண்டு கொடுங்கள். கை மெல்ல மெல்ல முன்னங்கால், பாதம், விரல் என்று இறங்கட்டும். தொட்ட பிறகுதான் தீனி, இந்த வரிசை மாறவே கூடாது. பலர் தீனியைக் காட்டி, அது தின்னும்போது காலைப் பிடிக்கிறார்கள். நாலைந்து முறை இப்படி நடந்தால் கோழி வாசனைக்கே குட்டி பின்வாங்கும். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம் போதும்.

உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப் பார்வை, உடம்பு விறைப்பது: எது தெரிந்தாலும் கையை எடுத்துவிட்டு முந்தைய படிக்குப் போங்கள். உறுமினால் தயவுசெய்து அதட்டாதீர்கள். அதட்டு வாங்கிய குட்டி உறுமலை விட்டுவிட்டு நேரே கடிக்கப் பழகிவிடும்.

அடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஈர்க்குச்சியை நகவெட்டியால் நறுக்குங்கள். ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு துண்டு கோழி. சத்தம் பழகியபின் நாளுக்கு ஒரே ஒரு நகம், நுனியில் 1 மில்லிமீட்டர். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பு ரத்தக்குழாய் வெளியிலேயே தெரியும். கறுப்பு நகத்தைச் சீவல் சீவலாக வெட்டி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் கருமையான ஈரப்புள்ளி தென்பட்டதும் நிறுத்த வேண்டும். தவறி ரத்தம் வந்தால் சோளமாவை (கார்ன்ஃப்ளார்) வைத்து இரண்டு நிமிடம் விடாமல் அழுத்துங்கள். மழுங்கிய நகவெட்டி ஆகவே ஆகாது, வெட்டுவதற்கு முன் நகத்தை நசுக்கும்; வலி அங்கேதான்.

முன்னங்காலின் உள்பக்கம், சற்று மேலே இருக்கும் ஐந்தாவது நகத்தை மறந்துவிடாதீர்கள். தரையில் படாததால் அது தேயாது, வளைந்து சதைக்குள் இறங்கிவிடும். நகம் ஏற்கெனவே நீண்டுவிட்டதென்றால் உள்ளே ரத்தக்குழாயும் நீண்டிருக்கும். ஒரேயடியாக வெட்டாமல் வாரம் ஒருமுறை நுனியை மட்டும் எடுத்து வாருங்கள். குழாயும் மெதுவாகப் பின்வாங்கும்.