ஆர்.சி. பள்ளிக்குப் பிறந்தநாள் தேடப்போய் நான் பட்ட பாடு

எங்கள் ஊர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதித் தர ஒப்புக்கொண்டபோது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். ஓட்டுக் கட்டடம், ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், ஒரு வேப்பமரம். இதில் எழுத என்ன இருக்கிறது என்று வீட்டில் சிரித்தார்கள். ஏழு மாதம் இழுத்தது.

முதலில் ஆண்டே இடித்தது. அங்கீகார ஆணையில் ஓர் ஆண்டு. கட்டடக் கல்வெட்டில் அதற்கு ஆறு ஆண்டு பிந்தி இன்னோர் ஆண்டு. இரண்டுமே பள்ளி பிறந்த ஆண்டு இல்லை. இந்தியக் கல்வி பற்றிய 1854ஆம் ஆண்டு வுட் அறிக்கைக்குப் பிறகு, தனியார் பள்ளிகளுக்கு அரசு பணம் தரும் மானிய முறை வந்தது. அந்த முறையில் எத்தனையோ கிராமப் பள்ளிகளுக்கு இதுதான் நடந்தது. முதலில் நடத்திக் காட்டினார்கள். ஆணையும் பணமும் பின்னால் வந்தன. அதுவரை மாதா கோயில் திண்ணைதான் வகுப்பறை, ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார்தான் வாத்தியார். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஆணையின் தேதியைப் பிறந்தநாள் என்று நம்பிவிட வேண்டாம்.

கல்வி அலுவலகத்துக்குத் தாளாளரின் கடிதம் இல்லாமல் போனது என் முதல் தவறு. கடிதத்தோடு போனேன், முத்திரை இல்லை என்றார் எழுத்தர். முத்திரையோடு போனேன், நாற்காலியிலிருந்து எழாமலே சொன்னார்: "இது மாவட்டம் பிரிவதற்கு முந்தைய கோப்பு சார். பழைய மாவட்ட அலுவலகத்தில்தான் இருக்கும்." இரண்டு பஸ் மாறி அங்கே போனால், "பிரித்தபோதே உங்கள் பக்கம் அனுப்பிவிட்டோமே" என்றார்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 29ஆம் நாள் ஒற்றை வரிப் பதில்: கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை. முப்பது நாள் கெடுவில் ஒரு நாளை மிச்சம் பிடித்ததுதான் அவர்கள் செய்த உதவி.

கோயில் பக்கமும் இதே கதைதான், கொஞ்சம் மரியாதையோடு. எங்கள் பகுதி 1938 வரை திருச்சிராப்பள்ளி மறைமாவட்டம், பிறகு மதுரை, 1987 முதல் சிவகங்கை. பள்ளி தொடங்கிய காலத்தில் எங்கள் ஊர் வேறொரு பங்குக்கு உட்பட்ட வெறும் கிளைக்கிராமம். ஆகவே பழைய ஏடுகள் எங்கள் கோயிலில் இருக்காது, தாய்ப்பங்கில்தான் தேட வேண்டும் என்பது எனக்கு நான்காவது மாதத்தில்தான் உறைத்தது. அங்கே முதல் முறை போனபோது பங்குத்தந்தை தியானத்துக்குப் போயிருந்தார். பீரோ சாவியும் அவரோடு போயிருந்தது. போவதற்கு முன் போன் செய்யுங்கள். சாவி யாரிடம் என்பதையும் கேளுங்கள்.

இரண்டாவது முறை கிடைத்தது. செல்லரித்த நாட்குறிப்பேடு, பிரெஞ்சு இயேசு சபைச் சாமியார் ஒருவர் லத்தீனில் எழுதியது. 'ஸ்கோலா' என்ற சொல் கண்ணில் பட்டதும் கை நடுங்கியது. பள்ளிதான்! பக்கத்தில் தேதி: 8. அடுத்து 7 என்ற எண், அதன் வாலில் 'பிரிஸ்' என்று ஓர் இழுப்பு. ஏழாம் மாதம், ஜூலை. ஊருக்கு வந்து அறிவித்துவிட்டேன். மலர்க்குழுவுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு வாரம் தள்ளினால் ஜூலை 15, காமராசர் பிறந்தநாள். 2024இல் அதே நாளில்தான் கிராமத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டமும் வந்தது. அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது.

மற்ற பக்கங்களையும் படித்துவிடலாம் என்று, கைப்பேசியில் எடுத்த படங்களோடு ஓய்வுபெற்ற முதிய குரு ஒருவரிடம் போனேன். லத்தீனில் பூசை வைத்த தலைமுறை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இது ஜூலை இல்லை. செப்தெம் என்றால் ஏழு. 7பிரிஸ் என்றால் செப்டம்பர். சாமியார்கள் அப்படித்தான் சுருக்கி எழுதுவார்கள். எட்டு போட்டால் அக்டோபர், ஒன்பது நவம்பர். செப்டம்பர் 8 என்ன திருநாள் என்று உனக்குத் தெரியாதா?"

மாதா பிறந்தநாள்! ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவன் நான். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் தாத்தா பிறந்த தேதியைத் தேடுகிறவர்களும் இந்தக் குழியில் விழுந்துவிடாதீர்கள்.

அவர் மேலும் வாசித்தார். பள்ளி தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்கார வைத்ததற்காகப் பெரிய தெருக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பதினொரு பிள்ளைகள் மிச்சம். பாயை இரண்டாகப் போடச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். சாமியார் மறுத்துவிட்டார். மூன்று மாதம் பதினொரு பேரோடு பள்ளி நடந்தது. இத்தனைக்கும் எங்கள் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகக் கம்பித் தடுப்பு இருந்ததை என் தாத்தா பார்த்திருக்கிறார். பத்தடி தள்ளியிருந்த பள்ளியில் ஒரே பாய். இந்த முரணை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு தலைமையாசிரியை டீச்சரிடமே இருந்தது. கேட்ட உடனே எடுத்துத் தந்தார். மதம் என்ற கட்டத்தில் மூன்று மதமும் கலந்திருந்தன. நின்ற காரணம் என்ற கட்டத்தில்: 'ஆடு மேய்க்க', 'பெற்றோருடன் கொழும்பு', மறுபடி 'ஆடு மேய்க்க'. அலுவலகங்களுக்கு அலைந்த நான்கு மாதமும் இது அந்த மர அலமாரியில் இருந்திருக்கிறது.

பாய்க் கதையை மலரில் போட வேண்டாம் என்றது குழு. "பழையதை எதற்குக் கிளற வேண்டும்? விழாவுக்கு எல்லாத் தெருவும் வர வேண்டாமா?" அதை எடுத்தால் கட்டுரை முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தலைமையாசிரியை என் பக்கம் நின்றார். கடைசியில் அரைப் பக்கம் கிடைத்தது, நன்கொடையாளர் பட்டியலுக்குக் கீழே.

செப்டம்பர் 8 அன்று பாதி ஊர் வேளாங்கண்ணியில் இருக்கும் என்பதால் விழாவை அதற்கடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளினோம். ஐந்நூறு அழைப்பிதழ்களிலும் ஜூலையின் மேல் புதிய தேதித் துண்டை ஒட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாயை விரித்து உட்கார்ந்து ஒட்டித் தந்தார்கள். பாதிக்கு மேல் கோணலாகத்தான் இருக்கிறது.